பகல் மூன்று மணிக்கு அணையும் கம்ப்யூட்டர்

கேள்வி: குடியாத்தத்தில் கைலி மொத்த வியாபாரம் செய்கிறோம். மாமனார் காலத்துக் கடை. நான்கு வருடமாகக் கணக்கு வழக்கு என் பொறுப்பு. மூன்று கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. பில் போடுவது ஆறு வருடம் பழையது, கணக்கு பார்ப்பது புதுசு, குடோனில் இருப்பது மிகவும் பழசு. பில் கம்ப்யூட்டர் வெயில் காலத்தில் பகல் மூன்று மணி வாக்கில் தானாக அணைந்துவிடுகிறது. கரண்ட் போய் வந்தால் தேதி மாறி நிற்கிறது, ஜி.எஸ்.டி. தளம் திறப்பதில்லை. சர்வீஸ் செய்கிற தம்பி எதற்கு வந்தாலும் "ஃபார்மட் அடிக்கணும்" (எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றணும்) என்று தூக்கிப் போகிறார். போன மாதம் ஹார்ட் டிஸ்க் போய் நான்கு மாதக் கணக்கு காணாமல் போனது. டி டிரைவில் வைத்திருந்த பேக்கப்பும் அதோடு போய்விட்டது. அச்சடித்த பில்களைப் பார்த்து மறுபடி ஏற்ற மூன்று வாரம் ஆயிற்று. கொழுந்தனார் மகன் மூன்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கலாம் என்கிறான். வேலூரில் ஒருவர் மூன்றுக்கும் சேர்த்து வருடம் 9,000 ரூபாய்க்கு ஏ.எம்.சி. (வருடப் பராமரிப்பு ஒப்பந்தம்) எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். எது சரி? நாங்களே செய்துகொள்ளக்கூடியது ஏதாவது உண்டா? இன்னொன்று: தூசி படக்கூடாது என்று சி.பி.யு. மேல் கைலித் துணி போட்டு மூடி வைக்கிறோம். அது நல்லதுதானே?

வாசகி, குடியாத்தம்

பதில்:

அம்மா, "பகல் மூன்று மணி வாக்கில்" என்று நேரத்தைக் குறிப்பிட்டு எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், பாதி வைத்தியம் அதிலேயே முடிந்தது. இருபது வருடத்துக்கு மேலாக வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆரணி என்று கடை கடையாக ஏறி இறங்கிக் கம்ப்யூட்டர் பார்க்கிறேன். "அப்பப்ப ஆஃப் ஆகுது சார்" என்பதற்கு மேல் சொல்கிறவர்கள் குறைவு. எந்த நேரத்தில், என்ன வேலை செய்யும்போது என்று கேட்டால் கடைப் பையனைக் கூப்பிடுவார்கள். பையன் "எப்பவுமே அப்படித்தான்" என்பான்.

மூன்று மணி என்றால் வெயில். உங்கள் ஊரில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா நெருங்குகிற வாரங்களில் வெளியே 40 டிகிரி அடித்தால், கடைக்குள் மேஜைக்கு அடியில் சுவரோடு ஒட்டி வைத்த இரும்புப் பெட்டிக்குள் என்ன சூடு இருக்கும்? கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸரின் தலையில் ஹீட் சிங்க் என்று அலுமினியத் தகடுகளை அடுக்கிய ஒரு கட்டி இருக்கும். அதன் மேல் ஒரு சின்ன ஃபேன். சூடு ஏறினால் பிராசஸர் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். "சிஸ்டம் ஸ்லோ ஆயிடுச்சு" என்று நாம் அலுத்துக்கொள்வது பல நேரம் இதைத்தான். அப்படியும் தணியாமல் 100 டிகிரியை நெருங்கினால், கருகிப் போகாமல் தப்பிக்கத் தன்னையே அணைத்துக்கொள்ளும். இதற்குப் போய் ஃபார்மட் அடித்தால் சூடு எப்படிக் குறையும்? எடுத்துப் போன கடையில் மூடியைக் கழற்றிப் போட்டு, ஃபேன் காற்றில் வைத்து ஃபார்மட் அடிப்பார்கள். அங்கே நன்றாக ஓடும். உங்கள் கடைக்கு வந்த நாலாம் நாள் பழையபடி.

உங்கள் தொழிலில் வெயிலுக்கு ஒரு கூட்டாளியும் இருக்கிறது, கைலிப் பிசிறு. கட்டைப் பிரித்து உதறும்போது பறக்கிற பஞ்சு கண்ணுக்குத் தெரியாது, ஹீட் சிங்க் இடுக்கில் கம்பளி மாதிரி படிந்திருப்பதைப் பார்த்தால்தான் தெரியும். அதோடு வெள்ளிக்கிழமை சாம்பிராணி. சாமிக்குப் புகை காட்ட வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் அந்தப் புகையின் பிசுக்கு பஞ்சோடு சேர்ந்தால் பிரஷ் போட்டாலும் வராத படலமாகிவிடும். புகை போடும் அரைமணி நேரம் கம்ப்யூட்டரை அணைத்து வையுங்கள். ஃபேன் ஓடாவிட்டால் புகையை உள்ளே இழுக்காது.

சுத்தம் செய்வதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. பிளக்கைக் கழற்றிவிட்டு, பக்கத்து மூடியின் இரண்டு திருகை எடுத்து, வெளித் திண்ணைக்குக் கொண்டுபோய் பெயின்ட் அடிக்கிற மெல்லிய பிரஷ்ஷும் சின்ன பிளோயரும் வைத்து ஊதினால் போதும். ஊதும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அது தறிகெட்டுச் சுற்றி பேரிங் போய்விடும். ஈரத் துணி வேண்டவே வேண்டாம். வருடத்துக்கு ஒரு முறை, சித்திரை பிறப்பதற்கு முன், சர்வீஸ் தம்பியிடம் ஹீட் சிங்க்கைக் கழற்றி, சூட்டைக் கடத்துவதற்காக அதன் அடியில் தடவியிருக்கிற பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிது வைக்கச் சொல்லுங்கள். அதை நீங்கள் செய்ய வேண்டாம். அப்புறம், பெட்டியைத் தரையிலிருந்து அரை அடி உயர்த்தி, சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளி வையுங்கள். பின்பக்கம் பயன்படாத ஓட்டைகளுக்குத் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். குடோன் கம்ப்யூட்டருக்கு இது முக்கியம். அந்த ஓட்டை வழியாகப் பல்லி உள்ளே போய் கரண்ட் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். பெட்டியில் மாட்டிக் கருகிய கேஸ்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

சரி, தேதி மாறுகிற கதைக்கு வருவோம். மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவில் ஒரு பேட்டரி செல் இருக்கும். சி.ஆர். 2032 என்று கேட்டால் கடிகாரக் கடையிலேயே கொடுப்பார்கள், ஒரு டீ, இரண்டு வடைக்கு ஆகிற காசுதான். கரண்ட் இல்லாதபோது நேரத்தை நினைவில் வைத்திருப்பது அதன் வேலை. நீங்கள் இரவு கடை மூடும்போது மெயினை இறக்கிவிடுகிறீர்கள் அல்லவா? செல் செத்துவிட்டால் காலையில் கம்ப்யூட்டர் எப்போதோ ஒரு பழைய வருடத்தில் கண் விழிக்கும். ஜி.எஸ்.டி. தளம், வங்கித் தளம் எல்லாமே ஒரு பாதுகாப்புச் சான்றிதழோடு வருபவை. அந்தச் சான்றிதழ் இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை செல்லும் என்று கணக்கு உண்டு. உங்கள் கம்ப்யூட்டர் பழைய வருடத்தில் நின்றுகொண்டு "இது இன்னும் செல்லுபடியாகும் தேதியே வரவில்லையே" என்று கதவைச் சாத்திவிடுகிறது. தளத்தின் மேலும் தப்பில்லை, நெட்டின் மேலும் தப்பில்லை.

இதில் இன்னொரு விஷயம் எனக்கு உறுத்துகிறது. செல் தீர்ந்தால் தேதி மட்டும் மாறாது. பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன் கம்ப்யூட்டரை எழுப்புகிற அடிப்படை மென்பொருள்) உள்ள மற்ற அமைப்புகளும் கம்பெனியிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பலாம். சில போர்டுகளில் ஹார்ட் டிஸ்க்கை எந்த முறையில் படிப்பது என்கிற அமைப்பும் அதோடு மாறிவிடும். அப்போது விண்டோஸ் நீலத் திரை காட்டி நின்றுவிடும். பார்ப்பவருக்கு "விண்டோஸ் போயிடுச்சு" என்றுதான் தோன்றும். உங்கள் கம்ப்யூட்டருக்கு இதுவரை அடித்த ஃபார்மட்டுகளில் ஒன்றிரண்டாவது இந்தச் செல்லுக்காக அடித்ததாக இருக்கும் என்பது என் சந்தேகம். தம்பியைத் திட்டாதீர்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து காரணம் தேடினால் அதற்குக் காசு கொடுக்க யாரும் தயாராக இல்லை, ஃபார்மட்டுக்குத் தயார். அவரும் பிழைக்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். சி.பி.யு.வைத் தொட்டால் "ஜிவ்வுனு இழுக்குது" என்று கடையில் யாராவது சொன்னது உண்டா? உண்டு என்றால் எர்த் சரியில்லை. எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் கரண்ட்டில் வரும் இரைச்சலை எர்த்துக்கு வழிய விடுகிற சின்னச் சின்னக் கெபாசிட்டர்கள் உண்டு. போக எர்த் இல்லையென்றால் அந்தக் கசிவு பெட்டியின் இரும்பிலேயே நிற்கும், கிட்டத்தட்ட லைன் வோல்டேஜில் பாதி அளவுக்கு. பொதுவாக ஆளைக் கொல்லாது, ஆனால் பிரிண்டர் கேபிளைச் செருகும்போது யு.எஸ்.பி. போர்ட்டைக் கொன்றுவிடலாம். பழைய கடைகளில் எர்த் குழி எங்கே என்று கேட்டால் ஆளுக்கு ஒரு திசையைக் காட்டுவார்கள். கடைசியில் பார்த்தால் அதன் மேல் சிமென்ட் பூசி பைக் நிறுத்தியிருக்கும். கரியும் உப்பும் போட்ட குழி ஈரமாக இருக்கும்வரைதான் வேலை செய்யும். பாலாறே காய்ந்து கிடக்கிற கோடையில் உங்கள் குழியில் ஈரம் எங்கிருந்து வரும்? வாரத்துக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, கம்ப்யூட்டர் பிளக் பாயின்ட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே எத்தனை வோல்ட் காட்டுகிறது என்று மீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். 3 வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி.

ஆரணியில் ஒரு அரிசி மண்டியில் கம்ப்யூட்டர் தினமும் ரீஸ்டார்ட் ஆகும். நான் ரேம் மாற்றினேன், எஸ்.எம்.பி.எஸ். மாற்றினேன், காசும் வாங்கினேன். நிற்கவில்லை. அங்கே இருந்த கணக்குப் பிள்ளை ஒரு வாரம் நேரத்தைக் குறித்து வைத்துக் காட்டினார். பதினொன்று, நான்கு, மறுபடி பதினொன்று, நான்கு. அந்த நேரத்தில்தான் பின்கட்டில் தண்ணீர் மோட்டார் போடுகிறார்கள். போர்டைத் திறந்தால் நியூட்ரல் ஒயர் திருகு தளர்ந்து கருத்துக் கிடக்கிறது. மோட்டார் இழுக்கும்போதெல்லாம் வோல்டேஜ் ஆடியிருக்கிறது. ஒரு திருப்புளி வேலை. அன்றிலிருந்து நான் போகிற இடத்திலெல்லாம் ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கிக் கம்ப்யூட்டர் பக்கத்தில் நூல் கட்டித் தொங்க விடச் சொல்கிறேன். தேதி, நேரம், என்ன ஆனது, யார் வந்தார், என்ன செய்தார், எவ்வளவு கொடுத்தோம். நீங்களும் இன்றே ஆரம்பியுங்கள். ஆறு மாத நோட்டைப் புரட்டினால் எந்த மெஷினைத் தூக்கிப் போடலாம், எதை வைத்துக்கொள்ளலாம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

யு.பி.எஸ். (கரண்ட் போன நொடியே பேட்டரிக்கு மாறிக் கம்ப்யூட்டரை அணையாமல் வைக்கிற பெட்டி) பற்றி நீங்கள் எழுதவில்லை. இன்வெர்ட்டர் மட்டும்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். சாதாரண இன்வெர்ட்டர் மாறுகிற நேரத்தில் ஃபேனும் லைட்டும் கண் சிமிட்டினாலும் நமக்குக் கவலையில்லை. கம்ப்யூட்டர் அந்தச் சிமிட்டலில் அணைந்துவிடும். கணக்கு மென்பொருளான டேலியில் பில் சேமிக்கிற அந்த நொடியில் அது நடந்தால் டேட்டா கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. சில இன்வெர்ட்டர்களில் யு.பி.எஸ். மோட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதைப் போட்டுப் பாருங்கள். இல்லையென்றால் பில் கம்ப்யூட்டருக்கு 600 வி.ஏ. யு.பி.எஸ். ஒன்று தனியாக வாங்கிவிடுங்கள். லேசர் பிரிண்டரை மட்டும் அதில் செருகாதீர்கள். அதற்குள் மை உருக்குகிற ஹீட்டர் இருக்கிறது, இழுக்கிற இழுப்பை இந்தச் சின்னப் பெட்டி தாங்காது. யு.பி.எஸ். பேட்டரிக்கு நம் ஊர் வெயிலில் இரண்டு வருடம், மிஞ்சினால் மூன்று. செத்த பேட்டரியோடு பச்சை லைட் எரிந்துகொண்டே இருக்கும், கரண்ட் போகும்போதுதான் குட்டு வெளிப்படும். அதனால் மாதம் ஒரு தடவை எல்லாவற்றையும் சேமித்துவிட்டு நீங்களே பிளக்கை உருவிப் பாருங்கள். ஐந்து நிமிடம் நின்றால் சரி.

இடி மின்னல் நாட்களில் பிளக்கைக் கழற்றுவது எல்லாருக்கும் தெரியும். கடையிலிருந்து குடோனுக்கு வெட்டவெளியில், கம்ப்யூட்டர்களை இணைக்கிற லேன் கேபிள் இழுத்திருக்கிறீர்களா? அதையும் கழற்ற வேண்டும். கோடை மழையில் அந்தக் கேபிள் வழியாக வந்த அடியில் இரண்டு பக்கத்து மெஷினும் சேர்ந்து போனதைப் பார்த்திருக்கிறேன்.

இனி பேக்கப். இதில்தான் உங்களுக்கு மூன்று வாரம் போனது, ஆகவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். சி டிரைவ், டி டிரைவ் என்பவை ஒரே பீரோவின் மேல் தட்டும் கீழ்த் தட்டும். நகையை மேல் தட்டில் வைத்து, நகல் சாவியைக் கீழ்த் தட்டில் வைத்த கதைதான் உங்களுடையது. இந்தத் தப்பை உங்கள் மேல் போட எனக்குத் தகுதி இல்லை. பதினைந்து வருடத்துக்கு முன், ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் தங்குகிற ஒரு லாட்ஜில் ஃபார்மட் அடிக்கப் போனேன். "டேட்டா எல்லாம் டி-யில இருக்கு, நீங்க அடிங்க" என்றார் மேனேஜர். திறந்து பார்க்கவில்லை. அவர் சொன்ன ஃபோல்டரில் ஷார்ட்கட் மட்டும்தான் இருந்தது என்பது அடித்த பிறகுதான் தெரிந்தது. பல மாதத்து ரூம் கணக்கு. அந்த மனிதர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் இன்னும் வலிக்கிறது.

செய்ய வேண்டியது இதுதான். வெளியே செருகுகிற சின்ன எஸ்.எஸ்.டி. (உள்ளே சுற்றுகிற தட்டு இல்லாத டிஸ்க்) இரண்டு வாங்குங்கள். பென் டிரைவும் ஆகும், ஆனால் அது தொலைந்து போகும், பையன் அதில் படம் ஏற்றிக் கொண்டு போவான். ஒன்றில் சிவப்பு ஸ்டிக்கர், இன்னொன்றில் பச்சை. தினமும் கடைசி பில் போட்ட பிறகு டேலியில் கம்பெனியை மூடிவிட்டு அதன் பேக்கப் வசதியில் பேக்கப் எடுங்கள். இந்த வாரம் சிவப்பு கடையில் இருந்தால் பச்சை உங்கள் கைப்பையில் வீட்டுக்குப் போக வேண்டும். அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளுங்கள். எடுத்து முடித்ததும் டிரைவைக் கழற்றிவிட வேண்டும், இது முக்கியம். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கிற ரான்சம்வேர் வந்தால், அந்த நேரத்தில் செருகியிருக்கிற டிரைவையும் சேர்த்தே பூட்டும். மூன்றாவதாக, வாரக் கடைசி பேக்கப் ஒன்றை கூகுள் டிரைவில் ஏற்றிவிடுங்கள். இலவசமாகக் கொடுக்கிற 15 ஜி.பி. ஒரு கைலிக் கடைக் கணக்குக்குத் தாராளம்.

பேக்கப் எடுப்பவர்கள் நிறைய, எடுத்ததைத் திறந்து பார்ப்பவர்கள் மிகக் குறைவு. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அந்த டிரைவைக் கொண்டுபோய் ரீஸ்டோர் செய்து (பேக்கப்பிலிருந்து கணக்கைத் திரும்ப இறக்கி), போன வாரத்துப் பில் ஒன்றைத் திறந்து, தொகை சரியா என்று அச்சடித்த பில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: ரீஸ்டோர் செய்யும்போது புதிதாக ஒரு ஃபோல்டர் உண்டாக்கி அதில்தான் இறக்க வேண்டும். இப்போது ஓடுகிற டேட்டா இருக்கிற அதே ஃபோல்டரைக் கொடுத்தால் பழைய கணக்கு புதிய கணக்கின் மேல் உட்கார்ந்துவிடும். காப்பாற்றப் போய்க் கவிழ்த்தவர்கள் உண்டு. பழைய வருடக் கணக்குகளையும் அழித்துவிடாதீர்கள். ஜி.எஸ்.டி. சட்டப்படி அந்தந்த வருடத்து ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும்.

ஹார்ட் டிஸ்க் போவதற்கு முன் பல நேரம் சொல்லிவிட்டுத்தான் போகும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. திறந்தால் நீலம், மஞ்சள், சிவப்பு என்று காட்டும். மஞ்சள் வந்துவிட்டால் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள், அன்றே மாற்றுங்கள். ஆனால் எஸ்.எஸ்.டி. சில சமயம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விடும். அதனால்தான் பேக்கப்புக்கு இவ்வளவு பேச்சு.

இதையெல்லாம் எப்போது செய்வது? இங்கேதான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். "மாதம் ஒரு நாள் ஒதுக்குங்கள்" என்றால் எந்த வியாபாரியும் ஒதுக்க மாட்டார், நானே ஒதுக்க மாட்டேன். மின்வாரியம் அந்த நாளை உங்களுக்காக ஒதுக்கி வைத்திருக்கிறது. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்குக் கரண்ட்டை நிறுத்துகிறார்களே, அந்த நாள். பேப்பரில் முன்கூட்டியே போடுகிறார்கள். லைனில் உரசுகிற புளிய மரக் கிளையை வெட்டவும் டிரான்ஸ்ஃபார்மரைப் பார்க்கவும் அவர்கள் ஏணி போடுகிற நேரத்தில் நீங்கள் திருப்புளியை எடுங்கள். எப்படியும் அன்றைக்குப் பில் போட முடியாது, பையன்களும் சும்மாதான் உட்கார்ந்திருப்பார்கள். முந்தைய நாள் மாலையில் பேக்கப், டிஸ்க் நிறம் பார்ப்பது, விண்டோஸ் அப்டேட். மறுநாள் கரண்ட் போனதும் யு.பி.எஸ். எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று ஒரு கண், பிறகு மூடி கழற்றிப் பஞ்சு எடுப்பது, ஒயர்களை அழுத்திப் பார்ப்பது, எலி கடித்திருக்கிறதா என்று பார்ப்பது. மூன்று மெஷினுக்கும் ஒரு மணி நேரம். நோட்டில் எழுதிவிட்டால் முடிந்தது. காலண்டரில் ஒவ்வொரு மாதமும் 8ஆம் தேதியிலிருந்து 20ஆம் தேதி வரை சிவப்புக் கோடு போட்டு வையுங்கள். 11ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-1 (விற்பனை விவரம்), 20ஆம் தேதி 3-பி (மாத வரிக் கணக்கு) கொடுக்கக் கடைசி நாள். அந்த நாட்களில் ஊதித் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அப்டேட், புதிய மென்பொருள், "சும்மா ஒரு தடவை செக் பண்றேன்" எதுவும் வேண்டாம். ரிட்டர்ன் தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய் ஏறும், வரிக்கு வட்டி தனி. கேரளாவுக்கு லோடு ஏற்றிய நேரத்தில் கம்ப்யூட்டர் படுத்தால் நஷ்டம் அதைவிடப் பெரிது. 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு என்றால் இ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஆன்லைனில் எடுக்கிற சீட்டு) இல்லாமல் லாரி நகராது.

வைரஸ் பற்றி ரொம்பச் சொல்ல ஒன்றுமில்லை. விண்டோஸோடு வருகிற டிஃபெண்டர் உங்களுக்குப் போதும், அதை யாரும் அணைக்காமல் இருந்தால். திருட்டு விண்டோஸை ஏமாற்றி ஓட வைக்கிற கிராக் மென்பொருள்கள் முதலில் கேட்பதே "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணு" என்பதுதான். வாசல் கதவைக் கழற்றி வைத்துவிட்டுத் திருடனைக் குறை சொல்ல முடியாது. 2017 மே மாதம் வானாக்ரை என்று உலகத்தையே ஆட்டிய ரான்சம்வேர் வந்தபோது பக்கத்து ஆந்திராவில் போலீஸ் கம்ப்யூட்டர்களே மாட்டின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கிற அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் கொடுத்துவிட்டது. போட்டவர்கள் தப்பினார்கள். யாராவது போன் செய்து, உங்கள் கம்ப்யூட்டரை வெளியிலிருந்தே இயக்க விடுகிற எனி டெஸ்க் போன்ற ஏதாவது ஒன்றை ஏற்றி நம்பரைச் சொல்லுங்கள் என்றால் வைத்துவிடுங்கள். தெரியாமல் பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடியுங்கள், தாமதிக்கிற ஒவ்வொரு மணி நேரமும் பணம் கை மாறிக்கொண்டே போகும்.

கொழுந்தனார் மகன் சொல்வதில் மூன்றில் ஒரு பங்கு நியாயம் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஏற வேண்டுமானால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். குடோன் மெஷினுக்கு அந்தத் தகுதி இருக்காது. அதை நெட்டிலிருந்து கழற்றிவிட்டு, சரக்கு இருப்பு எழுத மட்டும் வைத்துக்கொள்ளலாம், அல்லது மாற்றலாம். பில் கம்ப்யூட்டர் ஆறு வருடம் என்பதால் பெரும்பாலும் ஏறும். சில போர்டுகளில் டி.பி.எம். இருந்தும் பயாஸில் அணைந்து கிடக்கும், அதைத் தம்பியிடம் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி., கூட ஒரு ரேம், புதுச் செல், புது பேஸ்ட் போட்டால் இன்னும் மூன்று வருடம் உழைக்கும். போன மாதம் மாற்றியது என்ன டிஸ்க் என்று எழுதவில்லையே? பழையபடி சுற்றுகிற டிஸ்க்கையே போட்டிருந்தால் அதைக் குடோனுக்குக் கொடுத்துவிடுங்கள். மூன்றும் புதிதாக வாங்கினாலும், இதே பஞ்சும் இதே எர்த்தும் இருக்கும்வரை இரண்டு வருடத்தில் எனக்கு இதே கடிதத்தை எழுதுவீர்கள்.

ஏ.எம்.சி. விஷயம். நான் இந்தத் தொழிலில் இருப்பவன், அதனால் என் பேச்சை அப்படியே விழுங்க வேண்டாம். 9,000 ரூபாய் அதிகமா குறைவா என்பது எழுதிக் கொடுப்பதில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. "கூப்பிட்டால் வருவேன்" என்பது மட்டும் என்றால் அது வீண், அதை உங்கள் தம்பியே செய்கிறார். கூப்பிடாமலே மூன்று மாதத்துக்கு ஒரு முறை வருவாரா? வந்தால் என்ன பார்ப்பார், உங்கள் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவாரா? பார்ட்ஸ் அவர் கணக்கா உங்கள் கணக்கா? பேக்கப்பை ரீஸ்டோர் செய்து காட்டுவாரா? கூப்பிட்டு எத்தனை மணி நேரத்தில் வருவார், முக்கியமாக 18, 19, 20 தேதிகளில்? பாஸ்வேர்டுகள் யார் கையில் இருக்கும்? கடைசிக் கேள்விக்கு "என்கிட்ட இருக்கட்டும்மா, நீங்க ஏன் கஷ்டப்படறீங்க" என்று பதில் வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். பார்ட்ஸும் சேர்த்து என்று சொல்கிறவர் ஆறு வருடப் பழைய மெஷினுக்கு 9,000 ரூபாயில் எப்படிக் கட்டுப்படியாக்குவார் என்று எனக்குப் புரியவில்லை. பார்ட்ஸ் இல்லாமல், வருடம் நான்கு வருகை எழுத்தில் இருந்தால், குடியாத்தம் வரை வந்து போகிற செலவோடு சேர்த்து அது நியாயமான தொகைதான். உங்கள் ஊர்த் தம்பியையே உட்கார வைத்து, "ஃபார்மட்டுக்கு இல்லை, நாலு தடவை வந்து பார்ப்பதற்குக் காசு தருகிறேன்" என்று பேசிப் பாருங்களேன். பலரிடம் யாரும் இப்படிக் கேட்டதே இல்லை என்பதுதான் பிரச்சினை.

கடைசியாகத் துணி. இரவு கடை மூடி, அணைத்து, பெட்டி ஆறிய பிறகு போர்த்துங்கள், நல்லதுதான், பஞ்சு உள்ளே போகாது. காலையில் சுவிட்ச் போடுவதற்கு முன் எடுத்து மடித்து வைத்துவிட வேண்டும். ஓடுகிற மெஷினுக்குக் கைலி போர்த்தினால் அது மூன்று மணி வரைகூடத் தாங்காது.